ஒரே ஒருவர் என்றால் எஸ். ஜானகி

"உனக்கு ரொம்பப் பிடித்த பாடகர் யார்? ஒருத்தரை மட்டும் சொல்லு" என்று கேட்டால் முதலில் நழுவத்தான் தோன்றும். எல்லாரையும் பிடிக்கும் என்போம். காதலுக்கு ஒருவர், சோகத்துக்கு ஒருவர், பக்திக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக் கொடுப்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் ஒருவர்தான் என்று கட்டிப்போட்டுக் கேட்பதில் ஒரு நன்மை இருக்கிறது. பாட்டில் நாம் எதைத் தேடிப் போகிறோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரியவரும். ராகமா, சொல்லா, தாளமா, குரலின் இனிமையா? எல்லாமும் வேண்டும்தான். ஆனால் எது இல்லாவிட்டால் பாதியிலேயே பாட்டை நிறுத்திவிடுவேன் என்று யோசித்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

எனக்கு மிஞ்சியது இது: பாடுகிற குரலுக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு வயது இருக்க வேண்டும். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வந்ததில் பாதியை உள்ளேயே வைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலோடு உட்கார்ந்தால் என் பதிலில் சந்தேகமே இல்லை: எஸ். ஜானகி. ஏன் என்று சொல்ல அவருடைய பாட்டுகளை மட்டும் பேசினால் போதாது. பின்னணி பாடுவது என்கிற வேலை எப்படி உருவானது, மைக் வந்ததும் குரலுக்கு என்ன நேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ் பேசும்படம் வந்த புதிதில் நடிக்கிறவர்தான் பாட வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள் எல்லாரும் நாடக மேடையில் இருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை. அந்தக் குரல்களுக்கு இருந்த வீச்சும் கம்பீரமும் அந்தத் தேவையில் இருந்து பிறந்தவை. அப்படிப் பாடும்போது கிசுகிசுப்புக்கும் தயக்கத்துக்கும் இடமில்லை. கிசுகிசுத்தால் பத்தாவது வரிசைக்குக் கேட்காது.

ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கும் முறை இந்தியப் படங்களுக்கு 1935இல் வந்தது. கல்கத்தாவில் நிதின் போஸ் இயக்கத்தில், ஆர்.சி. போரால் இசையில், ஒரே கதையை வங்காளியிலும் இந்தியிலும் எடுத்தபோது அதைச் செய்து பார்த்தார்கள். தமிழில் ஏ.வி. மெய்யப்பன் 1938இல் 'நந்தகுமார்' படத்தில் இதைக் கொண்டுவந்தார். அதில் நடிகைக்காகப் பாடியவர் லலிதா வெங்கட்ராமன். அதே 1938 ஏப்ரல் 23 அன்று ஆந்திரத்தின் குண்டூர் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் ஜானகி பிறந்தார். தற்செயல்தான். ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த வேலையும் அதைச் செய்யப் போகிறவரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

பின்னணிப் பாடல் வந்ததும் இரண்டு மாறுதல்கள் நடந்தன. ஒன்று வெளிப்படையானது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது. வாய்க்கு முன்னால் சில அங்குல தூரத்தில் மைக் வந்து நின்றது. இனிக் கடைசி வரிசைக்காகக் கத்த வேண்டாம். மூச்சு இழுப்பதும் உதடு பிரிவதும் 'ம்' என்று முடிகிற சொல்லின் வாலும்கூடப் பதிவாகும். காதோரம் பேசுகிற அளவு சத்தத்தில் ஒருவர் பாடலாம், ஊரே கேட்கலாம். இந்த வசதியை எல்லாரும் பயன்படுத்தினார்கள். அதற்குள் எவ்வளவு நடிக்க முடியும் என்று கடைசிவரை போய்ப் பார்த்தவர் ஜானகி என்பது என் கட்சி.

அவருடைய முதல் படப்பாடல் 1957இல், தமிழில்தான், 'விதியின் விளையாட்டு' படத்துக்காக. தாய்மொழி தெலுங்கு. முறையாகப் பல வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு வந்தவர் இல்லை. இளம் வயதில் ஒரு நாதஸ்வரக் கலைஞரிடம் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டதுதான் அடித்தளம். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் பாடிய 'சிங்கார வேலனே தேவா' அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஆபேரி ராகம். கூட வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவது என்றால் என்னவென்று அந்த வாத்தியத்தை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும். கோபுர வாசலில் வாசித்தால் தெருக்கோடியில் கேட்கிற வாத்தியம் அது. அந்தப் பாட்டின் கடைசியில் ஸ்வரங்கள் மாறி மாறி வரும்போது குரல் வாத்தியத்தோடு போட்டி போட்டுக் கத்துவதில்லை. வாத்தியத்தின் வழுக்கலை, ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்கு அது சறுக்கிப் போகிற விதத்தை, குரல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. நாதஸ்வரக்காரரிடம் கற்றுக்கொண்ட பெண் என்பது அங்கே தெரிகிறது.

ஜானகியைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பாட்டைத்தான் சான்றாக எடுத்து வைப்பார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். அது அசாத்தியமான சாதனை. ஆனால் அசாத்தியமாகப் பாடக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவரைப் போற்றுவதற்குச் சாதனை போதும். ஆயுள் முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

1960களின் தமிழ்ப் படங்களில் கதாநாயகியின் குரல் என்றால் பி. சுசீலாதான். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது தொடங்கியபோது அதை முதலில் வாங்கியவரும் அவரே, 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக. ஜானகி அந்த வருஷங்களில் நிறையப் பாடினார், ஆனால் தமிழில் முதல் நாற்காலி அவருக்கு இல்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும்தான் அவர் வேர்விட்டார். பிறகு 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் முதல் படம். அதில் 'மச்சானைப் பாத்தீங்களா' பாடியவர் ஜானகி. பாடகிக்கு அப்போது 38 வயது, தொழிலுக்கு வந்து 19 வருஷம். பெரும்பாலான பாடகிகளுக்கு உச்சம் முடிகிற வயது அது. இவருக்கு அங்கேதான் கதவு திறந்தது.

அடுத்த வருஷம் '16 வயதினிலே'. அதில் வருகிற 'செந்தூரப்பூவே' அவருக்கு முதல் தேசிய விருதை வாங்கிக் கொடுத்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். திரையில் ஸ்ரீதேவி, பதினாறு வயது மயிலு. எவனோ ஒருவன் வருவான் என்று பூவிடமும் காற்றிடமும் கேட்டுக்கொண்டிருக்கிற பெண். பாடுகிறவருக்கு 39 வயது. அந்த 39 வயதை நான் எத்தனையோ முறை அந்தப் பாட்டுக்குள் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. குரலை மெல்லியதாக்கிக்கொண்டதால் மட்டும் இளமை வந்துவிடவில்லை. வயதில் பெரியவர்கள் பாடும்போது சொல்லுக்குக் கடைசியில் ஓர் அழுத்தம் வைப்பார்கள், அர்த்தம் தெரிந்து பாடுகிறேன் என்பதுபோல. இந்தப் பாட்டில் சொற்கள் அப்படி முடிவதில்லை. வாயைவிட்டு வெளியே வந்ததும் அவற்றைக் கையில் இருந்து விட்டுவிடுகிறார். வாழ்க்கை எப்படிப் போகும் என்று தெரியாத ஒருத்திதான் அப்படிச் சொல்லை விட்டுவிடுவாள்.

குரலுக்கு வயது எங்கிருந்து வருகிறது? சுருதியில் இருந்து மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். மேல் ஸ்தாயியில் பாடினால் குழந்தை, கீழே பாடினால் பெரியவர் என்று. அது பாதி உண்மைதான். தொண்டையில் உள்ள குரல்நாண்கள் அதிர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. அந்த ஒலி தொண்டைக்குழி, வாய், மூக்கு வழியாக வெளியே வருவதற்குள் அந்தக் குழாயின் நீளமும் வடிவமும் சில அதிர்வுகளைத் தூக்கிவிடுகின்றன, சிலவற்றை அமுக்கிவிடுகின்றன. வளர்ந்த பெண்ணுக்கு இந்தக் குழாய் சுமார் 14 சென்டிமீட்டர் இருக்கும். குழந்தைக்கு அதைவிடக் குட்டை. அதனால்தான் ஒரே சுருதியில் பாடினாலும் அம்மாவின் 'ஆ' வேறு, பிள்ளையின் 'ஆ' வேறு. பெரியவர் ஒருவர் குழந்தையாகப் பாட வேண்டுமென்றால் குரல்வளையை மேலே தூக்கி, உதட்டை விரித்து, நாக்கை முன்னால் கொண்டுவந்து அந்தக் குழாயைக் குட்டையாக்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டு ஸ்ருதியும் விலகாமல் பாடுவது பெரிய பாடு. இயல்பான நிலையில் பழகிய தசைகள் எல்லாம் அங்கே இடம் மாறி நிற்கின்றன.

1980இல் வந்த 'ருசி கண்ட பூனை' படத்தில் 'கண்ணா நீ எங்கே' என்ற பாட்டை ஜானகி சின்னக் குழந்தையின் குரலில் பாடியிருக்கிறார். யார் பாடியது என்று தெரியாமல் முதலில் கேட்டவர்கள் பலரும் ஏதோ ஒரு குழந்தை என்றே நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் வியப்பு குரல் மாறியதில் இல்லை. மூச்சு மாறியதுதான். குழந்தைகள் வாக்கியம் முடிகிற இடம் பார்த்து மூச்சு வாங்குவதில்லை. காற்று தீர்ந்ததும் அங்கேயே வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். பெரிய பாடகர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டு அந்தப் பழக்கத்தை ஒழித்திருப்பார்கள். ஜானகி அந்த ஒழித்த பழக்கத்தைத் திரும்பத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் அவர் அசையாமல் செய்தார் என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். மேடையில் அவர் பாடும் காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு நோட்டோ தாளோ இருக்கும், தலை அதிகம் ஆடாது, கை ஆடாது, முகத்தில் பெரிதாக ஒன்றும் ஓடாது. சிரிப்பும் சிணுங்கலும் வருகிற பாட்டில்கூட அந்த முகம் கணக்குப் பார்க்கிற முகம்போல இருக்கும். இது சுபாவம் மட்டுமில்லை, தொழிலின் தேவையும்கூட. மைக்குக்கு மிக அருகில் பாடும்போது தலை ஓர் அங்குலம் திரும்பினாலும் குரலின் கனம் மாறிவிடும். கிட்டே போனால் அடிக்குரல் தடிக்கும், விலகினால் மெலியும். பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்கிற வசதி பரவலாவதற்கு முன்பு வாத்தியக் குழு முழுவதும் பாடகரோடு சேர்ந்தே வாசித்தது. ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பத்தாவது முறை பாடினாலும் அந்தப் பதினாறு வயதுப் பெண் அதே பதினாறு வயதிலேயே இருந்தாக வேண்டும். முகத்துக்கும் கைக்கும் போகக்கூடிய உணர்ச்சி முழுவதையும் தொண்டைக்கே அனுப்பிவிடுகிற ஒழுக்கம் இது. முகம் நடிகையுடையது. அதில் இவருக்குப் பங்கில்லை. தனக்கு உரியது எதுவோ அதில் ஒரு துளியையும் அவர் சிந்தவில்லை.

'உதிரிப்பூக்கள்' படத்தின் 'அழகிய கண்ணே' 1979இல் வந்தது. கொடுமைக்கார புருஷனோடு வாழ்கிற லட்சுமி தன் பிள்ளைகளைப் பார்த்துப் பாடுவது. மகேந்திரனின் படத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பாட்டுதான் அவள் நீளமாகப் பேசுகிற ஒரே நேரம் என்று சொல்லத் தோன்றும். இன்னொரு பாடகி என்றால் இங்கே அழுதிருப்பார், அதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஜானகி அழவில்லை. பிள்ளைகள் எதிரில் இருக்கிறார்கள் என்பது அந்தக் குரலுக்குத் தெரியும். அம்மா அழுதால் பிள்ளைகள் பயந்துபோகும். அதனால் அந்தக் குரல் சந்தோஷத்தைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கொஞ்சம் கூடுதலாகவே மென்மையாக இருக்கிறது. கேட்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. தொடக்கத்தில் அளவுகோல் என்று சொன்னேனே, எதிரில் யார் என்று தெரிந்து பாடுவது, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'தேவர் மகன்' படத்தின் 'இஞ்சி இடுப்பழகி' பற்றி எல்லாரும் பேசியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1992ஆம் ஆண்டுக்கான தேசிய விருது இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. ஒரு பாடகிக்கு விருது என்றால் உச்சஸ்தாயி, சங்கதி, ஆலாபனை என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே அவருக்குக் கிடைத்த பாத்திரம் பாடத் தெரிந்தவள் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாத பஞ்சவர்ணம். புதிதாகக் கல்யாணமாகி வந்து, கணவன் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிறவள். 'உனக்கு என்ன பாட்டுத் தெரியும்' என்று கேட்டதற்குத்தான் அவள் பாடுகிறாள். வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, அந்தக் குரல் தயங்கித் தயங்கி இறங்குகிறது. சுருதியைச் சரியாகப் பிடிக்கிறாள், ஆனால் சரியாகப் பிடித்ததற்காக வெட்கப்படுகிறாள். 54 வயது மகாகலைஞர் ஒருவர் தன் பயிற்சியை எல்லாம் முந்தானைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு, வீட்டுக்குள் முணுமுணுத்துப் பழகிய பெண்ணாகப் பாடுகிறார். தன் திறமையைக் காட்டாமல் இருப்பதற்கு இவ்வளவு திறமை தேவைப்படும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பாட்டு அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சின்ன வயதில் காதில் விழுந்த குரல் என்பதால் பிடித்திருக்கிறதோ? பழக்கத்தைப் பிடித்தம் என்று நினைத்துக்கொள்கிறேனோ? இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே அதன் மேல் விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் ஆய்வாக எழுதினார். பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள் ஆயுசுக்கும் மனதில் தங்கிவிடும் என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். யாரைக் கேட்டாலும் தன் இளமைக் காலத்துப் பாட்டுதான் பொற்காலம் என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே என் பதிலை நானே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வழி ஒன்றுதான். சின்ன வயதில் கேட்காத, நினைவு எதுவும் ஒட்டிக்கொண்டிராத, மொழியும் சரியாகப் புரியாத ஒரு பாட்டில் அந்தக் குரல் எனக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது.

அப்படித்தான் 'ஓப்போள்' என்ற மலையாளப் படத்தின் 'ஏற்றுமானூர் அம்பலத்தில்' என்னிடம் வந்தது. 1980இல் வந்த படம். எம்.டி. வாசுதேவன் நாயரின் கதை, கே.எஸ். சேதுமாதவன் இயக்கம், எம்.பி. ஸ்ரீனிவாசன் இசை. ஜானகியின் இரண்டாவது தேசிய விருது இந்தப் பாட்டுக்குத்தான். நான் கேட்டபோது அது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு பெண் ஒரு சிறுவனைக் கொஞ்சிப் பாடுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. திருவிழாவுக்குக் கூட்டிப் போகிற உற்சாகம் போல ஒரு துள்ளல். ஆனால் வரிகளின் கடைசியில் குரல் ஒரு நொடி தேங்குவதுபோல எனக்குப் பட்டது. அக்கா தம்பியிடம் பாடுகிற பாட்டு என்றால் அந்தத் தேக்கம் எதற்கு என்று புரியவில்லை. கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 'ஓப்போள்' என்றால் அக்கா. அப்பு என்கிற அந்தச் சிறுவன் அவளை அக்கா என்றே கூப்பிடுகிறான். உண்மையில் அவள் அவனுடைய அம்மா. ஊருக்கு அதைச் சொல்ல முடியாது, அவனுக்கும் சொல்ல முடியாது.

அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டேன். வெளியே அக்கா, உள்ளே அம்மா. ஒரே தொண்டையில் இரண்டு உறவு. இதில் அம்மா ஒரு பிடி கூடிவிட்டால் ரகசியம் வெளியே வந்துவிடும், குறைந்துவிட்டால் பாட்டில் உயிர் இருக்காது. மொழி தெரியாத எனக்கே அந்தத் தேக்கம் கேட்டது என்றால் பாடியவர் அதை வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பழக்கத்தால் வந்த பிரியம் இது என்கிற சந்தேகம் அன்றோடு போய்விட்டது.

இன்னொரு சந்தேகம் இசையமைப்பாளரைப் பற்றியது. இதெல்லாம் இளையராஜாவின் மகிமை, பாடகி கருவிதான் என்பவர்கள் உண்டு. மெட்டு, வாத்தியச் சேர்க்கை, பாடல் வருகிற இடம் எல்லாம் அவருடையவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன மலையாளப் பாட்டு எம்.பி. ஸ்ரீனிவாசனுடையது. 'சிங்கார வேலனே' சுப்பையா நாயுடுவுடையது. ஏ.ஆர். ரகுமான் இசையில் 1999இல் 'சங்கமம்' படத்தில் 'மார்கழித் திங்கள் அல்லவா' பாடும்போது ஜானகிக்கு 61 வயது, அதிலும் ஓர் இளம்பெண்ணின் ஏக்கம் குலையாமல் இருக்கிறது. 'அன்னக்கிளி உன்னைத் தேடுதே' என்ற ஒரே மெட்டை டி.எம். சௌந்தரராஜனும் பாடியிருக்கிறார், ஜானகியும் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்றுதான், ஆனால் அங்கே ஒரு ஆண்பிள்ளை ஊருக்கே கேட்கும்படி உடைகிறான், இங்கே ஒருத்தி தனக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பிடித்தவர் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. குரலை மாற்றுகிற அந்தச் சக்தியே சில சமயம் அளவு மீறியது. 1980களில் வந்த சில கிளர்ச்சிப் பாட்டுகளில் முனகலும் சிணுங்கலும் பாட்டைவிடப் பெரிதாகிவிட்டன. அந்தப் படங்கள் அதைத்தான் கேட்டன என்றாலும் என்னால் இன்று அவற்றை முழுசாகக் கேட்க முடிவதில்லை. கடைசிக் காலப் பதிவுகளில் மேல் ஸ்தாயி இறுகுவதும் தெரிகிறது. சொல் சுத்தத்தில், ஒவ்வொரு 'ழ'வும் 'ற'வும் முத்து முத்தாக விழுவதில், சுசீலாவை நான் மேலே வைப்பேன். தெலுங்குக்காரராக இருந்தும் தமிழை அவர் உச்சரித்ததைப் போல உச்சரித்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் சுசீலா பாடும்போது நான் சுசீலாவைக் கேட்கிறேன், அந்த இனிமையில் மனம் நிறைகிறது. ஜானகி பாடும்போது மயிலுவும் லட்சுமியும் பஞ்சவர்ணமும்தான் எனக்குக் கேட்கிறார்கள். ஜானகி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தனக்கென்று ஒரு முத்திரையை எல்லாப் பாட்டிலும் பதிப்பதுதான் பெரிய கலைஞரின் அடையாளம் என்று சொல்பவர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள். அது அவர்கள் தேடுவது. நான் தேடுவது வேறு.

எத்தனை ஆயிரம் பாட்டு என்கிற கணக்கை நான் இதில் கொண்டுவரவே இல்லை. எண்ணிக்கையில் 2016இல் கின்னஸ் சாதனைக்காக அங்கீகரிக்கப்பட்டது சுசீலாவின் 17,695 பாட்டுகள். பெருமைக்குரிய எண்தான். ஆனால் ஒருவரை நெஞ்சுக்குள் கொண்டுவந்து வைப்பது பத்து, பதினைந்து பாட்டுகள். விருதுகளும் அப்படியே. ஜானகிக்கு நான்கு தேசிய விருதுகள், தமிழில் இரண்டு, மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒவ்வொன்று. 2013இல் பத்மபூஷண் அறிவித்தபோது, ரொம்பத் தாமதமாக வந்தது, தென்னிந்தியக் கலைஞர்களுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்களின் முகத்துக்குப் பின்னால் நின்று பாடியவர், தன் முகத்தோடு முன்னால் வந்து சொன்ன ஒரு சொல் அது. அதில் எனக்குத் தனிப் பெருமை.

2014இல் 'வேலையில்லா பட்டதாரி' படத்தில் 'அம்மா அம்மா' பாட்டில் மறுபடியும் வந்தார். வயது 76. மகன் தேடிப் பாடுகிறான், இறந்துபோன தாய் பதில் சொல்கிறாள். அந்தக் குரலில் முதுமை இருந்தது, நடுக்கம் இருந்தது. இந்த முறை அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தேவை இல்லாத பாத்திரம் அது. 2016இல் ஒரு மலையாளத் தாலாட்டோடு படங்களுக்குப் பாடுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். அடுத்த வருஷம் மைசூரில் பெரிய மேடைக் கச்சேரி ஒன்றோடு விடைபெற்றார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரே ஒரு பாட்டைப் போடு என்றால் நான் போடுவது இதுவரை பேசாத ஒன்றைத்தான். 1980இல் வந்த 'ஜானி' படத்தின் 'காற்றில் எந்தன் கீதம்'. மற்றப் பாட்டுகளில் பாடத் தெரியாதவர்களாக, குழந்தையாக, வெட்கப்படுகிறவளாகப் பாடியவருக்கு இங்கே கிடைத்த பாத்திரம் ஒரு பாடகி. அர்ச்சனா மேடைப் பாடகி, பெயர் பெற்றவள். ஆக, திறமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேடைக்கு வெளியே மழை கொட்டுகிறது, கேட்க வந்த கூட்டம் கலைந்து போய்விட்டது. அவள் பாடுவதை நிறுத்தவில்லை. வர வேண்டியவன் ஒருவன் இருக்கிறான்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டால் வரிகளுக்கு நடுவில் ஜானகி மூச்சு வாங்குவது கேட்கும். ஆயிரம் பேர் கேட்கிற மேடைப் பாட்டுக்கு வாங்குகிற மூச்சு இல்லை அது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனவள், இன்னும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வாங்குகிற மூச்சு. அடுத்த வரி முந்தின வரியைவிடக் கொஞ்சம் மேலே போகிறது. யாரும் இல்லாத இருக்கைகளைத் தாண்டி, அந்த ஒருவன் எங்கே நின்றாலும் கேட்கும்படி.